நான்கு சிலிண்டர்க் குருவி

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பவே தெரியாத மனிதர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுதலாமா என்று என் மனைவி கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நியாயத்தைப் பார்த்தால் கதை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் பேனாவை மூடி வைத்துவிட வேண்டும். கொலை செய்யாதவன்தான் கொலைக் கதை எழுதுகிறான். அரண்மனை வாசலை மிதிக்காதவன்தான் ராஜா ராணிக் கதை எழுதுகிறான். நான் வண்டி ஓட்டாவிட்டாலும் வண்டியின் சத்தத்தையாவது காது கொடுத்துக் கேட்டவன்.

எங்கள் பழைய தெருவின் கோடியில் ஒரு மெக்கானிக் கடை இருந்தது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. புங்க மரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. அதன் சொந்தக்காரர் புல்லட் வண்டியைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, நீளமான திருப்புளியின் நுனியை இஞ்சினின் மேல் வைத்து, அதன் பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். தெருவே அதிரும். அவர் முகம் மட்டும் கச்சேரி கேட்கிறவர் முகம் போல இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அப்படி என்னதான் கேட்கிறீர்கள்?" என்றேன்.

"உள்ளே ஒருத்தன்தான் சார் இருக்கான். அவன் என்ன சொல்றான்னு காது வச்சா தெரிஞ்சுடும். நாலு பேர் இருந்தாத்தான் வம்பு. எவன் பேசறான், எவன் பேசாம இருக்கான்னு கண்டுபிடிக்கவே பொழுது போயிடும்" என்றார்.

நாலு பேர் இருக்கிற வண்டியும் உண்டா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. பிறகு பழைய பந்தயங்களின் சரித்திரத்தைப் புரட்டியபோதுதான் அந்த நாலு பேரையும் சந்தித்தேன். அவர்கள் பிறந்தது ரோமாபுரியில். பேரும் புகழும் பெற்றது மிலான் நகருக்கு அருகிலுள்ள ஆர்க்கோரே என்ற சிற்றூரில். அவர்களைச் சேர்த்து வைக்கவும் பிரித்து வைக்கவும் மனிதர்கள் பட்ட பாட்டை ஒரு நாவலாகவே எழுதலாம். கட்டுரையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில், நான்கு சிலிண்டர் எதற்கு? பௌதிகத்தில் நான் சூரன் இல்லை. ஆகவே சமையலறை வழியாகவே விளக்குகிறேன். அரைப்படி அரிசியை ஒரே பானையில் வேக வைக்கலாம். நான்கு சின்னப் பானைகளில் பங்கிட்டும் வேக வைக்கலாம். சின்னப் பானை சீக்கிரம் கொதிக்கும். பந்தய மோட்டார் சைக்கிளின் இஞ்சினுக்கு அந்தக் காலத்தில் 500 ஸி.ஸி. என்று வரம்பு இருந்தது. அந்த அரை லிட்டர் இடத்தை ஒரே சிலிண்டருக்குக் கொடுத்தால் பெரிய பிஸ்டன், கனத்த பிஸ்டன், நீண்ட ஓட்டம். நான்காகப் பிரித்தால் 52 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னஞ்சிறு பிஸ்டன்கள். அவை மேலும் கீழும் ஓட வேண்டிய தூரமும் ஏறத்தாழ 59 மில்லிமீட்டர்தான். லேசானது வேகமாகச் சுழலும். அதிகமாகச் சுழன்றால் அதிக சக்தி. கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் நான்கு என்றால் எல்லாமே நான்கு. வால்வுகள், பிளக்குகள், கோளாறுகள் எல்லாம் நான்கு மடங்கு. பெல்ஜியத்தில் எஃப்.என். கம்பெனியார் 1905-லேயே நான்கு சிலிண்டர் வண்டி செய்தார்கள். அமெரிக்காவில் 1912-ல் ஹெண்டர்சன் வண்டி வந்தது. அவற்றில் சிலிண்டர்கள் ரேஷன் கடை கியூ மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. முன்னால் நிற்பவனுக்குக் காற்று. பின்னால் நிற்பவனுக்கு வெக்கை.

1923-ஐ ஒட்டி ரோமில் இரண்டு இளம் எஞ்சினீயர்கள் இந்த கியூவைக் குறுக்கே திருப்பிப் போட நினைத்தார்கள். ஒருவர் கார்லோ ஜியானினி, மற்றவர் பியரோ ரெமோர். நான்கு சிலிண்டர்களும் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் போலத் தோளோடு தோள் சேர்ந்து, முகத்தைக் காற்றுக்கு நேரே காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. யோசனை பிரமாதம், கையில் காசு இல்லை. பொன்மார்த்தினி என்ற பிரபு பணம் போட்டார். அவருக்கு ஆகாய விமானத் தொழிலில் மோகம். பத்து வருஷத்துக்கு மேல் முயன்று, அவருடைய விமானக் கம்பெனியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. 'ரோந்தினே' என்று பெயர் வைத்தார்கள். இத்தாலிய பாஷையில் அது தகைவிலான் குருவியின் பெயர். தந்திக் கம்பியில் வரிசையாக வந்து உட்காருமே, பிளந்த வாலுள்ள சின்னக் குருவி, அதுதான். இந்தக் குருவியின் இஞ்சினுக்கு வெப்பத்தைத் தணிக்கத் தண்ணீர். மூச்சைப் பெருக்க சூப்பர் சார்ஜர். சூப்பர் சார்ஜர் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து சிலிண்டருக்குள் பலவந்தமாகத் திணிக்கும் ஒரு பம்பு. விருந்து வீட்டில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் இலையில் போளியைத் தள்ளுகிற மாமியைப் போன்றது.

1935-ல், அப்போது இத்தாலியின் ஆதிக்கத்திலிருந்த திரிப்போலியில் நடந்த பந்தயத்தில் ரோந்தினே முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் தட்டிக்கொண்டு வந்தது. முதலில் வந்தவர் பியரோ தாரூஃபி. இவர் பந்தய வீரர் மட்டுமில்லை, எஞ்சினீயருங்கூட. தான் ஓட்டும் வண்டி ஏன் ஓடுகிறது என்று தெரிந்து ஓட்டியவர். இதற்குள் பிரபு தம் கம்பெனியை விமானம் கட்டும் கப்ரோனியிடம் விற்றுவிட்டார். கப்ரோனிக்குக் குருவியில் சிரத்தை இல்லை. 1936-ல் ஆர்க்கோரே ஜூஸெப்பே ஜிலேரா வண்டிகளையும் வரைபடங்களையும் மொத்தமாக வாங்கினார். தாரூஃபியும் கூடவே வந்து சேர்ந்தார்.

ஜிலேரா 1909-லேயே சொந்தமாக மோட்டார் சைக்கிள் செய்தவர். இளமையில் தாமே பந்தயத்தில் ஓட்டியவர். நஷ்டமா லாபமா என்று யோசிக்கிற வியாபாரி குருவியை வாங்கியிருக்க மாட்டான். அவருக்கு வீண் போகவில்லை. 1937 அக்டோபரில் பெர்காமோவுக்கும் பிரெஷ்யாவுக்கும் இடையிலுள்ள நெடுஞ்சாலையில், முழுக்க மூடிய கூடு போட்ட வண்டியில் தாரூஃபி மணிக்கு 274 கிலோமீட்டர் வேகத்தில் போனார். உலகத்திலேயே அதுதான் அதிக வேகம். அடுத்த மாதமே ஒரு ஜெர்மானியர் அதை முறியடித்துவிட்டார் என்பது வேறு விஷயம். 1939-ல் டொரீனோ செரஃபீனி ஜிலேராவில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. யுத்தத்துக்குப் பிறகு, 1946-ல், பந்தயங்களில் சூப்பர் சார்ஜர் கூடாது என்று சர்வதேச சங்கம் தடை விதித்தது. விருந்தில் தள்ளிய மாமியை வெளியே அனுப்பிவிட்டார்கள். இனி இஞ்சின் தன் மூச்சைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும்.

யாராயிருந்தாலும் அந்த இடத்தில் நான்கு சிலிண்டருக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள். ஜிலேராவிடம் அப்போது ரெமோர் வேலைக்கு வந்திருந்தார். ரோமில் வாலிபத்தில் கண்ட கனவை அவர் மறுபடி காகிதத்தில் வரையத் தொடங்கினார். தண்ணீர் இல்லை, பம்பு இல்லை. வெறும் காற்றுக்குக் குளிரும் நான்கு சிலிண்டர்கள். 1948-ல் அது களம் இறங்கிற்று. சுமார் 50 குதிரைச் சக்தி. நேரான சாலையில் அதன் நிழலைக்கூட மற்றவர்களால் தொட முடியவில்லை.

இங்கேதான் கதையின் முடிச்சு. சாலை எப்போதும் நேராக இருப்பதில்லை.

ஓட்டியவர்கள் குறை சொன்னார்கள். வளைவில் வண்டி நெளிகிறது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றார்கள். பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுக்காரன் குறை சொன்னால் தகப்பனுக்கு எப்படி இருக்கும்? ரெமோருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். 1949-ல் முதல் உலகச் சாம்பியன் பந்தயத் தொடர் நடந்தது. ஜிலேராவில் ஓட்டிய நெல்லோ பகானி, ஏ.ஜே.எஸ். வண்டி ஓட்டிய லெஸ் கிரஹாம் என்ற ஆங்கிலேயரிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். அந்த வருஷ முடிவில் ரெமோர் ஜிலேராவை விட்டுப் போய்விட்டார். போன இடம், விமானம் கட்டும் குடும்பமான அகுஸ்தா. எம்.வி. அகுஸ்தா என்ற பெயரில் அவர்களும் மோட்டார் சைக்கிள் செய்து வந்தார்கள். ரெமோர் வெறுங்கையோடு போனார் என்று சொல்லலாம். ஆனால் தலைக்குள் இருப்பதை வாசலில் சோதனை போட முடியுமா? 1950-லேயே எம்.வி.யிலும் ஒரு நான்கு சிலிண்டர் இஞ்சின் உறுமியது. உடன்பிறந்தவன் மாதிரியே குரல். அதன் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக மட்டும் சங்கிலிக்குப் பதில் ஷாஃப்ட் வைத்தார். அது பந்தயத்துக்கு உதவாது என்று கண்டு பிற்பாடு சங்கிலிக்கே திரும்பினார்கள்.

இந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் ஒரு மனிதர் ஒற்றைச் சிலிண்டரோடு மாரடித்துக்கொண்டிருந்தார். நார்ட்டன் கம்பெனியின் ஜோ க்ரெய்க். எனக்கு இந்த மனிதரிடம் ஒரு தனிப் பற்று. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்காமல், இருக்கிற ஒரே இஞ்சினை வருஷக்கணக்காக அரம் போட்டுத் தேய்த்தே இரண்டு சதவீதம், மூன்று சதவீதம் என்று சக்தி சேர்த்தவர். நம் ஊரில் ஒரே ராகத்தை ஆயுள் முழுதும் பாடுகிற வித்வான்களைப் பார்த்திருக்கிறோம், அந்த ஜாதி. ஆனாலும் ஒற்றைச் சிலிண்டரால் நான்கு சிலிண்டரின் சக்தியை எட்ட முடியாது. 1950-ல் அவருக்கு உதவிக்கு வந்தது இஞ்சின் அல்ல, பிரேம். பெல்பாஸ்ட் நகரத்து மக்காண்ட்லெஸ் சகோதரர்கள் நார்ட்டனுக்கு ஒரு புது பிரேம் செய்து கொடுத்தார்கள். அதில் ஏறி ஓட்டிய ஒரு வீரர், இறகு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். அந்த உபமானமே அதற்குப் பெயராகிவிட்டது.

அந்த மெத்தையில் ஏறியவர் ஜெஃப்ரி டியூக். லங்காஷயரில் செயின்ட் ஹெலன்ஸ் ஊர்க்காரர். ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர். காற்று பிடிக்காமல் இருக்க ஒரே துண்டாகத் தைத்த தோலுடை போட்டுக்கொண்டு பந்தயத்துக்கு வந்த மனிதர். சக்தி குறைந்த வண்டியில் சக்தி மிகுந்த வண்டிகளை வளைவுக்கு வளைவு பிடித்தார். 1950-ல் டயர்கள் சதி செய்ததால் ஜிலேராவின் உம்பர்ட்டோ மஸெத்தி 28 புள்ளியும் டியூக் 27 புள்ளியும் பெற்றார்கள். மறுபடியும் அந்த ஒற்றைப் புள்ளி, இந்தத் தடவை இத்தாலி பக்கம். 1951-ல் டியூக் 350, 500 இரண்டு பிரிவிலும் உலகச் சாம்பியன். 1952-ல் ஜெர்மனியில் விழுந்து கணுக்கால் முறிந்தது. 500 பட்டம் மறுபடி மஸெத்திக்குப் போயிற்று.

ஆர்க்கோரேயில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்மை இவ்வளவு குறைந்த சக்தியில் துரத்துகிறவனிடம் நம் வண்டியையே கொடுத்தால் என்ன? 1953-ல் டியூக் ஜிலேராவுக்குப் போனார்.

இங்கிலாந்தில் பலருக்கு மனசு புண்பட்டது. தேசத்தின் வீரன் அந்நிய வண்டியில் ஏறுவதா? நான் டியூக்கின் கட்சி. நார்ட்டனில் நான்கு சிலிண்டர் வருகிறது, வருகிறது என்று சொல்லிக் கொண்டிருந்தார்கள், வரவில்லை. நல்ல பாடகனை ஓட்டை ஆர்மோனியத்தோடு எத்தனை நாள் பாடச் சொல்லுவது? தவிர, அவர் ஆர்க்கோரேக்குப் போனபோது கையில் ஒரு சீதனம் கொண்டு போனார். இஞ்சினைப் பற்றி அவர் குறை சொல்லவில்லை. பிரேமைப் பற்றித்தான் சொன்னார். இறகு மெத்தையில் படுத்துப் பழகியவருக்கு அந்த நெளிவு பொறுக்கவில்லை. வேறொரு காலமாயிருந்தால் ஆர்க்கோரேக்காரர்களும் முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ரெமோர் போய்விட்டார். அவருடைய இடத்தில் பஸ்ஸோனி என்ற எஞ்சினீயர் இருந்தார். தாரூஃபிக்கும் ஓட்டுகிறவனின் பாஷை புரியும். சொன்னதைக் கேட்டுப் பிரேமை மாற்றினார்கள். அடுத்த வருஷம் வண்டியின் உயரத்தையும் குறைத்தார்கள். 1953, 1954, 1955 மூன்று வருஷமும் 500 பட்டம் டியூக்குக்கே.

எங்கள் மெக்கானிக் சொன்ன வம்புக்கு இப்போது வருவோம். நாலு பேரை எப்படி ஒரே பேச்சு பேச வைப்பது?

புல்லட்டின் டுப், டுப் நமக்குத் தெரியும். நின்று ஓடும்போது ஒவ்வொரு அடியையும் விரல் விட்டு எண்ணலாம். ஜிலேராவின் இஞ்சின் நிமிஷத்துக்கு 10,000 தடவை சுழலும். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நான்கையும் சேர்த்தால் ஒரு நொடிக்கு 333 வெடிப்பு. அது தட்டாகக் கேட்காது. இழுத்து மீட்டிய தந்தி மாதிரி ஒரே நாதமாகக் கேட்கும். நாதம் சுத்தமாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தம்புராவின் நான்கு தந்தியில் ஒன்று இறங்கினாலும் காது கூசுகிறதல்லவா? ஆனால் தம்புரா அபஸ்வரமானால் பாடகன் தலை குனிவான், அவ்வளவுதான். இங்கே ஒரு பிஸ்டன் உருகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் மனிதன் போய்விடுவான்.

பிற்காலத்து ஜிலேராவில் நான்கு டெல்லார்ட்டோ கார்புரேட்டர்கள். நான்கின் கதவுகளும் ஒரே மயிரிழையில் திறக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் முந்திக்கொண்டால் மற்ற மூன்றையும் அது இழுத்துக்கொண்டு ஓடும். வளைவிலிருந்து வெளியே வருகிற நேரத்தில் வண்டி திக்கும். அதைச் சரி செய்த பிறகு பிளக் பரீட்சை. எந்தப் பந்தய இஞ்சினுக்கும் இது உண்டு. குளிர்ந்த இஞ்சினைச் சூடேற்ற ஒரு வகைப் பிளக். பந்தயத்துக்கு வேறு வகை. ஓட்டுகிறவர் முழு வேகத்தில் போய், சட்டென்று இஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்தபடி உருண்டு வந்து நிற்பார். மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, உள்ளே நெருப்பு அதிகம். கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, சக்தி வீண். முறுக வறுத்த காபிக்கொட்டையின் நிறமாக இருந்தால் சரி. ஒற்றைச் சிலிண்டர்க்காரனுக்கு ஒரு பிளக். இவர்களுக்கு நான்கும் ஒரே நிறமாக வந்தாக வேண்டும். மூன்று காபியும் ஒன்று சுண்ணாம்புமாக இருந்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. இன்றைக்குப் பழைய நான்கு சிலிண்டர் வண்டிகளைத் துடைத்து வைத்து ஓட்டுகிற ஆசைக்காரர்களும் இதே பரீட்சையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் போதாதென்று மான் தீவு இருக்கிறது. அங்கே பந்தயம் நடப்பது மைதானத்தில் இல்லை. ஊர்த் தெருக்களில், மதில்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் நடுவில். ஒரு சுற்று 37¾ மைல். கடல் மட்டத்துக்குப் பக்கத்திலிருந்து 1,300 அடிக்கும் மேலே மலை ஏறி இறங்க வேண்டும். கீழே சரியாக இருக்கிற கலவை மேலே மெல்லிய காற்றில் சரியாக இருப்பதில்லை. ஆக, சுருதி சேர்க்கிறவர் ஒரு நடுநிலைக்கு வைத்துவிட்டு, மீதியை ஓட்டுகிறவர் மணிக்கட்டிடம் ஒப்படைக்க வேண்டும்.

1953-ல் அந்தத் தீவில் டியூக் முன்னணியில் இருந்தபோது விழுந்தார், எழுந்துவிட்டார். அதே பந்தயத்தில் எம்.வி. ஓட்டிய லெஸ் கிரஹாம், பிரே ஹில் இறக்கத்தின் அடியில் வண்டி கைமீறி உயிரிழந்தார். 1949-ல் ஜிலேராவை ஒரு புள்ளியில் வென்ற அதே கிரஹாம்தான். ரெமோரின் இரண்டாவது பிள்ளையைப் பழக்குவதற்கென்றே எம்.வி. அவரை அழைத்திருந்தது, பழக்கியும் கொண்டிருந்தார், முந்திய வருஷக் கடைசி இரண்டு பந்தயங்களை ஜெயித்துக் காட்டியிருந்தார். அந்த வருஷமே ரெமோர் எம்.வி.யையும் விட்டு விலகினார்.

1955-ல் தீவில் டியூக் ஜெயித்தார். ஒரு சுற்றின் வேகம் மணிக்கு 100 மைல் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூட்டம் ஆரவாரித்தது. அந்தத் தீவில் அதுவரை யாரும் எட்டாத எண் அது. சற்றுப் பொறுத்து, கணக்கைத் திருத்திவிட்டோம், 99.97 மைல் என்றார்கள். பரீட்சையில் முதல் என்று சொல்லிவிட்டுக் கூட்டல் பிசகு என்று மார்க்கைக் குறைக்கிற வாத்தியார்கள் எல்லா தேசத்திலும் இருக்கிறார்கள்.

ஆனால் டியூக்கின் கதையில் பெரிய விஷயம் இதற்கு அடுத்த மாதத்தில் ஹாலந்தின் ஆஸன் நகரில் நடந்தது. கம்பெனி வண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு சிலர்தான். மற்றவர்கள் சொந்தப் பணத்தில் வண்டி வாங்கி, பழைய வேனில் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் ஓடிப் பிழைப்பவர்கள். பந்தயம் நடத்துகிறவர்கள் டிக்கெட் விற்றுச் சம்பாதித்தாலும் இவர்களுக்குக் கொடுத்த தொகை பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் கட்டிவரவில்லை. 350 பந்தயத்தில் அவர்கள் ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வண்டிகளை ஓரங்கட்டி இறங்கிவிட்டார்கள். அடுத்து 500 பந்தயம். அதிலும் அப்படியே செய்வோம் என்றார்கள். டியூக்குக்குச் சம்பளம் ஜிலேராவிடமிருந்து வருகிறது. உலகச் சாம்பியன், ராணி கையால் விருது வாங்கியவர். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு குறைவும் இல்லை. அவரும் அவருடைய ஜிலேரா தோழர் ஐரிஷ்காரர் ரெஜ் ஆம்ஸ்ட்ராங்கும் அந்த ஏழை ஓட்டக்காரர்கள் பக்கம் நின்றார்கள். நடத்தியவர்கள் இறங்கி வந்து தொகையைக் கூட்டினார்கள். பந்தயம் நடந்தது, டியூக்கே ஜெயித்தார்.

நவம்பரில் தீர்ப்பு வந்தது. கலகம் செய்த தனி ஓட்டக்காரர்களோடு டியூக்குக்கும் ஆம்ஸ்ட்ராங்குக்கும் 1956-ன் முதல் ஆறு மாதம் பந்தயத் தடை. உச்சத்தில் இருந்த வண்டியும் உச்சத்தில் இருந்த மனிதரும் பிரிந்து உட்கார்ந்தார்கள். எம்.வி.க்கு ஜான் ஸர்ட்டீஸ் என்ற 22 வயது இளைஞர் வந்திருந்தார். டியூக் திரும்பி வருவதற்குள் அவர் இரண்டு பந்தயம் ஜெயித்துவிட்டார். திரும்பி வந்த பெல்ஜியப் பந்தயத்தில் டியூக்கால் கடைசிவரை ஓட்ட முடியவில்லை. மூன்றாவதையும் ஸர்ட்டீஸே எடுத்துக்கொண்டார். பட்டம் எம்.வி.க்குப் போயிற்று. ரெமோரின் இரண்டு பிள்ளைகளில் இளையவன் மூத்தவனை வென்றான். டியூக் அதற்குப் பிறகு உலகச் சாம்பியன் ஆகவேயில்லை.

அந்த வருஷமே ஆர்க்கோரேயில் விளக்கு அணைந்தது. ஜூஸெப்பே ஜிலேராவின் மகன் ஃபெருச்சியோ, பந்தயப் பிரிவைக் கவனித்து வந்த பிள்ளை, அர்ஜென்டினாவுக்குப் போன இடத்தில் நோய் கண்டு இறந்துபோனான். இருபது வருஷத்துக்கு முன் எவன் காலத்துக்கும் ஆகட்டும் என்று அந்தக் குருவியை வாங்கினாரோ, அவன் போய்விட்டான். கிழவர் அடுத்த வருஷமும் வண்டிகளை அனுப்பினார். ஆனால் மனசு விட்டுப்போயிற்று என்றே நினைக்கிறேன்.

1957-ல் டியூக் ஆரம்பத்திலேயே காயம்பட்டார். அவர் இடத்தில் கிளாஸ்கோக்காரர் பாப் மக்கின்டயர் ஓட்டினார். மான் தீவுப் பந்தயத்துக்கு அது ஐம்பதாவது வருஷம்; அதற்காகப் பெரிய பந்தயத்தை எட்டுச் சுற்றாக நீட்டியிருந்தார்கள். 300 மைலுக்கு மேல். மக்கின்டயர் ஒரு சுற்றை 101.12 மைல் வேகத்தில் முடித்தார். டியூக்கின் கைக்கு எட்டி நழுவிய அந்த எண் அதே கம்பெனியின் வண்டிக்குக் கிடைத்தது. இந்தத் தடவை கூட்டல் பிசகவில்லை. சுமார் 70 குதிரைச் சக்தி. உலகப் பட்டமும் ஜிலேராவுக்கே. லிபெரோ லிபெராட்டி வென்றார். அந்த வருஷக் கடைசியில் ஜிலேரா, மோட்டோ குஸ்ஸி, மோன்டியல் மூன்று இத்தாலியக் கம்பெனிகளும் சேர்ந்து, செலவு தாங்காது, இனிப் பந்தயம் இல்லை என்று அறிவித்தன. விடைபெறும்போது ஒன்று செய்தார்கள். நவம்பரில் மக்கின்டயர் 350 ஸி.ஸி. நான்கு சிலிண்டர் ஜிலேராவை மோன்ஸா ஓடுதளத்தில் ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டினார். குண்டும் குழியுமான தளம். 141 மைல் போனார். அந்தக் கணக்கை முறியடிக்க 1964 வரை யாராலும் முடியவில்லை. மக்கின்டயர் அதைப் பார்க்க இல்லை. 1962-ல் வேறொரு பந்தயத்தில் விழுந்து இறந்துபோனார்.

எம்.வி. மட்டும் விலகவில்லை. 1958 முதல் 1974 வரை 500 பட்டம் பதினேழு வருஷமும் அவர்கள் வீட்டிலேயே இருந்தது. குறுக்கே நான்கு சிலிண்டர் என்ற யோசனையை ஜப்பானிய ஹோண்டாவும் பந்தயங்களில் எடுத்துக்கொண்டு, 1969-ல் 750 ஸி.ஸி. வண்டியாக்கிக் கடையில் விற்கவே தொடங்கியது. ஜிலேரா கம்பெனி அதே 1969-ல் பியாஜியோவின் கைக்குப் போயிற்று. ஆர்க்கோரேத் தொழிற்சாலையை 1993-ல் மூடினார்கள். ஆனால் இதற்கெல்லாம் நடுவில் ஒரு சம்பவம் உண்டு. அதைச் சொல்லாமல் முடித்தால் என் மனசு கேட்காது.

ஓட்டுவதை விட்டுவிட்ட டியூக்குக்கு ஒரு குறை. 1957 வண்டிகள் தோற்று நின்றவை அல்ல, நிறுத்தப்பட்டவை. ஆர்க்கோரேயில் அவை இருக்கின்றன. கிழவரிடம் கேட்டுப் பார்த்தால் என்ன? 1963-ல் கேட்டார். கிழவர் கொடுத்தார். ஐந்து வருஷம் தூங்கிய வண்டிகளை மோன்ஸாவுக்கு எடுத்துப் போய், டெரெக் மின்ட்டர், ஜான் ஹார்ட்டில் என்ற இரண்டு ஆங்கிலேயர்களை ஓட்டவிட்டார். புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. அந்தப் பழைய நான்கு பேர், பழைய வேகத்துக்கு ஏறத்தாழச் சமமாக ஓடினார்கள். 'ஸ்குடேரியா டியூக்' என்று அணிக்குப் பெயர் வைத்துக் களம் இறங்கினார். வசந்த காலத்துச் சில்லறைப் பந்தயங்களில் ஜெயித்தார்கள். மே மாதம் மின்ட்டர் வேறொரு வண்டியில் விழுந்து படுத்த படுக்கையானார். பதிலுக்கு பில் ரீட் வந்தார். மான் தீவில் எம்.வி.யின் மைக் ஹெயில்வுட் முதலில் வர, ஹார்ட்டில் இரண்டாவது, ரீட் மூன்றாவது.

அடுத்த பந்தயம் ஆஸனில். எட்டு வருஷத்துக்கு முன் எந்த ஊரில் ஏழை ஓட்டக்காரர்களுக்காகப் பேசித் தன் பட்டத்தை டியூக் பறிகொடுத்தாரோ, அதே ஊர். ஹெயில்வுட்டின் எம்.வி. இஞ்சின் நடுவில் மக்கர் செய்து நின்றுவிட்டது. ஹார்ட்டில் முதலாவதாகவும் ரீட் இரண்டாவதாகவும் வந்தார்கள். இரண்டும் டியூக் கொண்டுவந்த 1957-ம் வருஷத்து ஜிலேரா.